மீராமுகைதீனை எங்கே ஒளித்தாய்?

மருதமுனை
18.02.2005

உயிரினும் மேலான காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடல் விட்டுவைத்தவர்கள் எல்லோரும் இங்கே சுகம். உம்மாவுக்கு மூட்டு வலி மட்டும்தான். அது கடல் வருவதற்கு முன்பும் இருந்தது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருக்க உம்மா ஐந்து வேளையும் துஆக் கேட்கிறா.

மின்னஞ்சல் அனுப்பு என்கிறீர்கள். உம்மா அதை நம்ப மாட்டா. உங்கள் கையெழுத்தைத் தடவிப் பார்த்தால்தான் மகன் எழுதினான் என்று அவவுக்கு மனம் ஆறும். நானும் கணவனை இழந்தவளாய் இத்தாவில் இருக்கிறேன். வாசலில் திரை தொங்க, படிப்பிக்கப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல், கடிதம் எழுதுவதை விட்டால் எனக்கு வேறு என்ன வேலை?

என் பிள்ளைகளின் வாப்பா, கடல் வந்த அன்று காலை நிந்தவூருக்கு நெய்த சாரம் கொடுக்கப் போனவர். நாங்கள் மருதமுனையிலும் கல்முனை ஆஸ்பத்திரியிலும் முகம் முகமாகத் தேடினோம். அவர் காரைதீவில் கிடந்திருக்கிறார். ரேடியோ திருத்தும் பாக்கியராசா அண்ணன் அடையாளம் கண்டு, உடைந்த பாதையால் நடந்தே வந்து சொன்னார்: “புள்ள, ஒங்கட மனிசன் எங்கட பக்கம் இரிக்காரு. நான் சாரம் ஒண்டால மூடிப்போட்டு வந்திரிக்கன். ஆக்களக் கூட்டிக்கி வாங்க.”

பஸ்ஸில் போனால் அரைமணி நேரமும் ஆகாத ஊர், காக்கா. அங்கிருந்து செய்தி வர இரண்டு நாள் பிடித்தது. உலகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போக வழி கண்டவர் என்று உங்களைப் பத்திரிகையில் போடுகிறார்கள். எங்கள் கரையில் நாலு ஊர் தாண்டிச் செய்தி வர உங்களிடம் ஒரு வழி இல்லையா?

உங்கள் தங்கச்சி
ஸம்ஸியா


மெல்பேர்ன்
20.03.2005

அன்புத் தங்கச்சி,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மதினிக்கு வாசித்துக்காட்ட முயன்றேன். பாதியில் அவளிடமே கொடுத்துவிட்டேன். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உம்மாவின் மூட்டுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை என்னிடம் இருக்கிறது. அந்த விடையே நம் கரையிலிருந்து வந்ததுதான். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் பாதைகள் மூடிக்கிடந்தபோது நம் வாப்பா காரைதீவில் அகப்பட்டார் அல்லவா? பாக்கியராசா அவரைத் தன் வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பிறகு வயல்வெளியால் சுற்றி, தெரிந்த ஆட்களின் கைமாற்றிக் கைமாற்றி மருதமுனையில் கொண்டுவந்து சேர்த்தார். இங்கே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பைத்தியம் போல் இருந்த எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. தலைமை நிலையம் செத்தால் செய்தியும் சாக வேண்டியதில்லை. செய்தி கடத்தும் ஒவ்வொரு பெட்டியும் தன் அயல் பெட்டியிடம் வழி கேட்டுக்கொண்டால் போதும். அதற்கு ‘அயல்வழி’ என்று பெயர் வைத்தேன். இன்று கப்பல்களிலும் சுரங்கங்களிலும் அதுதான் ஓடுகிறது. நான் பேசும் எல்லா மேடையிலும் பாக்கியராசாவின் கதையைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஒரு ஊர் முஸ்லிம், அடுத்தது தமிழ், அதற்கடுத்தது முஸ்லிம். ஒன்றைத் தாண்டாமல் மற்றதற்குப் போக முடியாது. ஆகவே வீட்டுக் கூரைகளில் பெட்டி வைப்போம். “ஒரு பெட்டி பொய் சொன்னால்?” என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அதற்கும் விதி உண்டு. மற்றப் பெட்டிகள் அதோடு சண்டை பிடிக்க மாட்டா. அதனிடம் வழி கேட்பதை நிறுத்திவிட்டுச் சுற்றிப் போய்விடும்.

இத்தா முடியட்டும். ஜூனில் வருகிறேன்.

பாசமுள்ள காக்கா
பதியுதீன்


மருதமுனை
09.08.2005

அன்பின் காக்காவுக்கு,

ஸலாம். சுகமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நீங்கள் படுத்த கட்டிலில் வேறு யாரையும் உம்மா படுக்க விடுகிறா இல்லை. தைலம் மணக்கிறது, வலி போகவில்லை.

நீங்கள் வைத்துவிட்டுப் போன பெட்டிகள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. பாண்டிருப்பு முகாமிலிருந்து ஒரு தாய், காணாமற்போன தன் பிள்ளையின் பெயரைக் கொடுத்தாள். கல்முனைக்குடியில் அந்தப் பிள்ளை ஒரு மீன்கார வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தது. கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு நான் வகுப்பிலேயே அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

காரைதீவில் நடந்ததை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நாங்கள் இருவரும் சாப்பிட வருகிறோம் என்று பாக்கியராசா அண்ணனின் மனைவி குணம் அக்கா சாய்ந்தமருதுக்கு ஆள் அனுப்பி, ஹலாலாக அறுத்த கோழி வாங்கி, புதுச் சட்டியில் சமைத்திருந்தா. நீங்கள் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டீர்கள். பெட்டியைச் சோதிக்க ஏதாவது ஒரு பெயர் அனுப்பு என்றீர்கள். என் கை தானாக, காலமாகி ஒன்பது வருடமான நம் வாப்பாவின் பெயரை அடித்தது: மீராமுகைதீன், காணவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். அழிக்கலாம் என்றால் அது முடியாதாம். ‘கிடைத்தார்’ என்று பதியும்வரை எந்தப் பெயரும் அழியாதபடிதான் செய்திருக்கிறீர்களாம். பொய்யாகப் பதிய எனக்கு மனம் வரவில்லை. “இருந்துவிட்டுப் போகட்டும், வாப்பாவைத் தேட யார் வரப்போகிறார்கள்?” என்றீர்கள்.

பாக்கியராசா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் கை கழுவப் போனபோது என்னிடம் கேட்டார்: “புள்ள, இதுக்குள்ள போற பேரெல்லாம் நாளைக்கி வேற ஆரும் பாக்கேலுமா?” நீங்கள் வந்ததும் உங்களையே கேட்டேன். “வீட்டுக்கு ஒரு வாசல்தான், பூட்டுக்கு வேறு திறப்பு இல்லை” என்றீர்கள். அந்தச் சொல்லை வைத்து நான் பொறுப்பு நின்றேன். “என் காக்காவின் பெட்டி, அண்ணன், நான் பொறுப்பு” என்றேன். அதன் பிறகுதான் அவர் ஏணியைத் தூக்கினார்.

உங்கள் தங்கச்சி
ஸம்ஸியா


மெல்பேர்ன்
02.11.2005

அன்புத் தங்கச்சி,

ஸலாம். நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். உம்மாவின் சுகத்தை எழுது. நம் கரையின் பெட்டிகளைப் பற்றி நான் வாசித்த ஆய்வுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். பாக்கியராசாவிடம் சொல்: பயப்பட ஒன்றுமில்லை. வேறு திறப்பு இல்லை.

காக்கா


மருதமுனை
14.01.2007

அன்பின் காக்காவுக்கு,

ஸலாம். உம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறா. பிள்ளைகள் சுகம். நீங்கள் எழுதி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பெரிய வேலை என்று உம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே மறுபடியும் தொடங்கிவிட்டது. வடக்கே சண்டையிலிருந்து ஓடிவந்தவர்கள் முகாம்களில் நிறைகிறார்கள். பெட்டிக்குள் போகும் பெயர்களும் மாறிவிட்டன. முன்பு கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள். இப்போது மனிதர் கொண்டுபோனவர்களின் பெயர்கள். தாய்மார் காரைதீவு ரேடியோக் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள், மகனின் பெயரை மெதுவாகச் சொல்கிறார்கள், பாக்கியராசா அண்ணன் பதிகிறார்.

அவர் போன கிழமை வந்து, “தங்கச்சி, நிப்பாட்டிருவமா?” என்றார். “ஒரு தாய் பேர் குடுக்க வந்தா நான் எப்பிடி மாட்டன் எண்டு சொல்ற? ஆனா எண்ட நெஞ்சு அடிக்கிது.” நான் உங்களைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். ஆகவே மறுபடியும் கேட்கிறேன். அந்தப் பெட்டிகளை வெளியிலிருந்து திறக்க யாராலாவது முடியுமா? ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். அன்றைக்கே கழற்றிவிடுகிறோம்.

ஸம்ஸியா


கொழும்பு
22.06.2007

அன்புத் தங்கச்சி,

ஸலாம். முகவரியைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். நாடு முழுவதையும் இணைக்கும் ஒரு அரசாங்கத் திட்டத்துக்கு ஆலோசகராக என்னை அழைத்திருக்கிறார்கள். பிறந்த மண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முப்பது வருடமாக நினைத்தது இப்போதுதான் கைகூடியது. மதினிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றபடி சுகம்.

நீ கேட்டது தொழில்நுட்பக் கேள்வி. கடிதத்தில் விளக்க இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பெட்டிகளை நிறுத்திவிட வேண்டாம். அவையும் இந்தத் திட்டத்தில் சேர இருக்கின்றன. பாக்கியராசா தொடர்ந்து பதியட்டும்.

விரைவில் ஊருக்கு வந்து உம்மாவைப் பார்ப்பேன்.

காக்கா


மருதமுனை
11.03.2008

அன்பின் காக்காவுக்கு,

ஸலாம். உம்மா சுகம். சுகம் கேட்டு எழுத இன்றைக்கு எனக்கு மனம் இல்லை, மன்னியுங்கள்.

பாக்கியராசா அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள். கடைக்கு முன்னால் வான் ஒன்று நின்றது, நாலு பேர் இறங்கினார்கள், அண்ணன் கையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் இருந்ததாம். அதை அணைத்துவிட்டு வருகிறேன் என்றாராம். விடவில்லை. குணம் அக்கா ஓடிவந்து பார்த்தபோது மேசை புகைந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்த பெட்டியை அவர்கள் தொடவே இல்லை. அதை ஏன் தொடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

தெற்கே ஒரு தடுப்பு முகாமில் வைத்திருப்பதாகக் கேள்வி. நீங்கள் கொழும்பில் பெரிய ஆட்களோடு மேசையில் இருக்கிறீர்கள். நம் வாப்பாவை உயிரோடு கொண்டுவந்து தந்த மனிதர். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போங்கள்.

ஸம்ஸியா


கொழும்பு
27.05.2008

அன்புத் தங்கச்சி,

ஸலாம். உம்மாவின் இரத்த அழுத்தத்தைக் கவனி. உப்பைக் குறை.

தெரிந்த இடத்தில் கேட்டேன். விசாரணை முடிந்ததும் விடுவார்களாம். இந்தக் காலத்தில் எல்லோரும் பொறுமையாக இருக்க வேண்டும். நீ அரசாங்க ஆசிரியை, பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். அந்த வீட்டுக்குப் போய்வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். கடிதங்களில் பெயர்கள் எழுத வேண்டாம்.

காக்கா


மருதமுனை
19.08.2008

காக்காவுக்கு,

ஸலாம். உம்மாவுக்கு உப்பைக் குறைத்துவிட்டோம். அந்த வீட்டுக்குப் போவதை நான் குறைக்கவில்லை.

குணம் அக்கா முகாமுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னா: “தங்கச்சி, அவரிட்ட ஒரே கேள்விதான் கேக்காங்களாம். மீராமுகைதீன் எங்க? மீராமுகைதீன எங்க ஒளிச்ச? இவரு விளங்காம, ‘ஓம், ஒளிச்சன்தான், தொண்ணூறுல ஒளிச்சன், நெல்லு மூட்டக்குப் பின்னால’ எண்டிரிக்காரு. பிறகு இன்னும் கூட அடியாம்.”

எனக்குத் தலை சுற்றியது. வாப்பாவின் பெயர் காணாமற்போனவராக எழுதப்பட்ட இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை அடித்தது நான். அருகிலிருந்து சிரித்தது நீங்கள். பெட்டியைக் கழற்றாமல், தொடாமல், உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வாசல்தான் என்றீர்களே. இன்னொன்றை வைத்திருந்தது யார்? அதன் திறப்பை அவர்கள் கையில் கொடுத்தது யார்? அந்தத் தாய்மார் மெதுவாகச் சொன்ன பெயர்கள் எல்லாம் இப்போது எந்த மேசையில் கிடக்கின்றன?

வாப்பாவின் மரண அத்தாட்சியையும் பள்ளிவாசல் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அந்த முகாமுக்கு நானே போனேன். அதிகாரி பார்த்துவிட்டு, “ஊரில் எத்தனை மீராமுகைதீன்? பெட்டிக்குள் இருப்பவர் இவர்தான் என்று பெட்டியைச் செய்தவர் எழுதித் தந்தால் பார்க்கலாம்” என்றார். செய்தவர் என் கூடப்பிறந்தவர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

சாய்ந்தமருதில் அறுத்த கோழியை நினைத்துப்பாருங்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்று உங்களை நான் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள்.

ஸம்ஸியா


மருதமுனை
30.12.2008

காக்காவுக்கு,

ஸலாம். முன்னைய கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உம்மா, “அந்த ஒரு வரிய எண்ட மகன் எழுதிட்டானா?” என்று சுபஹுத் தொழுகைக்குப் பின் தினமும் கேட்கிறா.

நீங்கள் யோசித்து எழுதவும் வேண்டாம். நானே எழுதி வைத்திருக்கிறேன்: ‘மீராமுகைதீன் என்பது என் தந்தையின் பெயர். அவர் 1996இல் காலமானார். பெட்டியைச் சோதிப்பதற்காக அப்பெயர் என் முன்னிலையில் பதியப்பட்டது.’

கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஸம்ஸியா


கொழும்பு
16.07.2009

அன்புத் தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். யுத்தம் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இனி எல்லோருக்கும் நல்ல காலம். உம்மா எப்படி இருக்கிறா? பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?

நீ எழுதிய விடயம் என் கைக்கு மேலானது. பெரிய வேலைகளுக்குச் சில வாசல்களைத் திறந்துவைத்துத்தான் ஆக வேண்டும். நீ சின்னப்பிள்ளை அல்ல, விளங்கிக்கொள்வாய்.

ஒரு சந்தோஷமான செய்தி. அடுத்த ஏப்ரலில் ஊரில் எனக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். உம்மாவை மேடையில் இருத்த ஆசை. நான் வழமைபோல் தொண்ணூறாம் ஆண்டுக் கதையோடுதான் உரையைத் தொடங்குவேன். ஆகவே பாக்கியராசா வீட்டாரை முன்வரிசையில் அமர்த்த நீதான் ஏற்பாடு செய்ய வேண்டும். காரைதீவுப் பெட்டியையும் துடைத்துக் காட்சிக்கு வை.

பாசமுள்ள காக்கா
பதியுதீன்


மருதமுனை
21.03.2010

கலாநிதி பதியுதீன் அவர்களுக்கு,

ஸலாம் சொல்வது கடமை; சொல்கிறேன். நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை.

பாக்கியராசா அண்ணன் நவம்பரில் வந்துவிட்டார். யாருடைய கையெழுத்தும் இல்லாமல், ஏன் பிடித்தோம் ஏன் விட்டோம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல், பாதையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு காது கேட்காது. கை நடுங்குகிறது, சூட்டுக்கோலைப் பிடிக்க வராது. முதல்நாள் நான் அவர் வாசலில் தலைகுனிந்து நின்றேன். “உள்ளுக்கு வாங்க புள்ள. நீங்களும் நம்பித்தானே சொன்னீங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் பிள்ளைகள் ஏணியை வைத்துப் பெட்டியை இறக்கினார்கள். நிறுத்துவதற்கு முன் வாப்பாவின் பெயருக்கு நேரே ‘கிடைத்தார்’ என்று பதிந்தேன். மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அப்படிப் பதிய எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெயர்கள் உங்கள் பொறுப்பு.

விழாவில் அவரை முன்வரிசையில் இருத்தச் சொன்னீர்கள். கடிதத்தை அவருக்கு வாசித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அவரு நல்லா இரிக்கட்டும். ஆனா இனி எண்ட பேர அவரு வாயால எடுக்க வேணாமெண்டு சொல்லுங்க.” ஆகவே உங்கள் உரையை வேறு எங்காவது தொடங்கிக்கொள்ளுங்கள்.

உம்மாவை மேடையில் இருத்தவும் கேட்டீர்கள். உம்மா மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்துவிட்டது. கடைசி வாரத்திலும் அந்த ஒரு வரியைக் கேட்டா. நான் இல்லை என்றேன். பிறகு உங்கள் பழைய கடிதங்களைத் தலைமாட்டிலிருந்து எடுக்கச் சொன்னா. எடுத்தேன். திரும்ப வை என்று சொல்லவில்லை.

ஜனாஸாச் செய்தி எல்லா ஊருக்கும் போனது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கல்முனைக்குடியில் சொன்னார்கள். பாக்கியராசா அண்ணன் எல்லோரிடமும் தொலைபேசி இருப்பது தெரிந்தும், தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் போய் நம் சொந்தங்களின் வாசலில் நின்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து அடக்கம் நடந்த மையவாடி வேலியோரம் நின்றார். வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள்: “பதியுதீனுக்குச் செல்லியாச்சா?” உங்களுக்குப் போகும் வழி நான்தான் என்று ஊருக்கே தெரியும். “நான் செல்றன்” என்றேன்.

உங்கள் தொலைபேசி இலக்கம் என் கையில் இருந்தது. நீங்கள் எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தீர்கள். கபுறுக்குள் உம்மாவை இறக்க உங்கள் கை வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அழைக்கவில்லை.

உங்கள் விதிதான். பொய் சொன்ன பெட்டியோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. செய்தி உங்களைச் சுற்றிப் போய்விட்டது.

மீராமுகைதீன் மகள்
ஸம்ஸியா